எந்த மெட்டல்? கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

லென்ஸின் பவர், இன்டெக்ஸ், கோட்டிங் எல்லாவற்றையும் பில்லில் எழுதுகிறீர்கள். பிரேமுக்கு மட்டும் 'மெட்டல்' என்ற ஒற்றைச் சொல். முன்பகுதி, காதுக் கம்பி, மூக்குத் தாங்கியைப் பிடிக்கும் சிறு கம்பி, இந்த மூன்றும் எந்த உலோகம் என்று எழுதிக் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

மலிவாக வருபவை பெரும்பாலும் மோனல் அல்லது ஜெர்மன் சில்வர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மோனலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதி பெரும்பாலும் செம்பு. ஜெர்மன் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம். பெயரைத் தவிர வெள்ளி துளியும் கிடையாது. மேலே முலாம் இருக்கும்வரை இரண்டுமே தங்கம்தான். வியர்வையில் முலாம் தேய்ந்ததும் மூக்குத் தாங்கிக் கம்பியின் வளைவில் பச்சைக் களிம்பு பிடிக்கும். காதுக் கம்பி பொட்டில் உரசும் இடமும் வெளுக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தக் கோட்டிலேயே தோல் சிவந்து, அரித்து, நீர் கோக்கும். அவர் சோப்பை மாற்றுவார், தலைக்கு வைக்கும் எண்ணெயை மாற்றுவார், கண்ணாடியை மட்டும் கழற்ற மாட்டார். கழற்றினால் பஸ் நம்பர் தெரியாதே!

காந்தம் ஒட்டவில்லை, அதனால் நிக்கல் இல்லாத டைட்டானியம் என்று காட்டுவதையும் தயவுசெய்து விடுங்கள். ஜெர்மன் சில்வரிலும் ஒட்டாது, 316எல் என்னும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகையிலும் ஒட்டாது. கையில் வைத்தால் எடை சொல்லிவிடும்: ஒரே அளவுக்கு டைட்டானியம் மோனலில் பாதி எடைதான். முறுக்கினாலும் பழைய வடிவுக்குத் திரும்பும் 'மெமரி' பிரேமில் எடையில் பாதிக்கு மேல் நிக்கல். அதை டைட்டானியம் என்பது பாதி உண்மைகூட இல்லை. 316எல்-லிலும் நிக்கல் உண்டு, ஆனால் குரோமியத்தால் உண்டாகும் மேற்படலம் அதை எளிதில் கசிய விடாது. பலருக்கு அதுவே போதும், டைட்டானியம் விலை கொடுக்கத் தேவையில்லை.

ரிப்பேர் செய்பவருக்கும் இந்தப் பெயர் வேண்டும். மோனல் முறிந்தால் சாதாரண டார்ச்சில் பற்றவைக்கலாம். டைட்டானியத்துக்கு அது பிடிக்காது. லேசரோ ஆர்கான் வாயுவோ வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரேமிலிருந்து தோலில் கசியும் நிக்கலுக்கு வரம்பு உண்டு: வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம். அங்கே ஏற்றுமதியாகும் சரக்குக்குச் சோதனைச் சான்று இருக்கும்போது, இங்கே கேட்டால் மட்டும் "நல்ல மெட்டல் சார்" என்பதுதான் சான்று.

அடுத்த சரக்கு எடுக்கும்போது மொத்த வியாபாரியிடம் மூன்று உலோகப் பெயர்களையும் எழுத்தில் வாங்கி, பில்லில் ஏற்றுங்கள். தெரியாத பிரேமுக்குத் 'தெரியாது' என்று எழுதினாலும் சரி. 'மெட்டல்' என்று மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பிரேம் வாங்குவோர் சார்பில்