அடைகாப்பதும் பொரிப்பதும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், ‘இன்குபேட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு ‘முட்டை பொரித்தல்’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. பல்லடம் பக்கம் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அந்தப் பொருள் சரியன்று என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

கோழி முட்டைக்குக் கணக்கு 21 நாள். எங்கள் பொரிப்பகத்தில் முதல் 18 நாள் முட்டைகள் ‘செட்டர்’ என்னும் இயந்திரத்தில், சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், மணிக்கொரு தரம் தட்டுகள் சாய்ந்து திரும்ப, இருக்கும். பிறகு அவற்றை ‘ஹேச்சர்’ என்னும் வேறோர் இயந்திரத்துக்கு மாற்றி, திருப்பாமல் விட்டுவிடுவோம். ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளிவருவது அங்கேதான். சூடு கொடுத்துக் காக்கும் வேலை முழுவதும் ‘இன்குபேட்’. அதன் முடிவில் நிகழ்வது ‘ஹேட்ச்’. கூமுட்டையைக்கூடக் கோழி நாள் தவறாமல் அடைகாக்கும். அது பொரிக்காது என்பது கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தாலும் இதுவே விளங்கும். ‘மேல்’ என்ற பொருளுடைய ‘இன்’ என்ற முன்னொட்டும், ‘படுத்தல், கிடத்தல்’ என்ற பொருளுடைய ‘குபாரே’ என்ற வினையும் சேர்ந்த இலத்தீன் சொல்லிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்கு வந்தது. அலுவலகத் தடுப்பறையைக் குறிக்கும் ‘கியூபிக்கிள்’ கனசதுரத்திலிருந்து வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அதுவும் இந்தக் ‘குபாரே’யின் வழிவந்த, முதலில் படுக்கையறையைக் குறித்த சொல்தான். பண்டைக் கிரேக்கத்தில் எபிடாரஸ் நகரிலிருந்த அஸ்கிலேபியஸ் கோயிலில், கனவில் தெய்வம் தோன்றி நோய் தீர்க்கும் என்று நம்பி நோயாளிகள் இரவில் படுத்துறங்கிய வழக்கத்தையும் ‘இன்குபேஷன்’ என்றே அறிஞர்கள் குறிக்கிறார்கள். அங்கே முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. கிடத்தல் மட்டுமே உண்டு.

இதற்கு நேரான சொல் நம்மிடமே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது. உமி பரப்பிய கூடையில், முட்டைகளோடு ஒரு கரித்துண்டும் வரமிளகாயும் போட்டு என் அப்பத்தா கோழியை அடை வைப்பார். நெஞ்சிறகு உதிர்ந்து, வெறுந்தோல் முட்டையில் படும்படி அது உடம்பைப் பரப்பிப் படுத்திருக்கும். அவ்வப்போது அலகால் முட்டைகளைப் புரட்டிவிடும். “கோழி அடைகிடக்குது, கிட்டப் போகாதே” என்பார் அப்பத்தா. அடைகிடத்தல் என்ற அந்தச் சொல்லிலும் ‘கிட’ இருக்கிறது, பாருங்கள். இலத்தீனை ஒரெழுத்தும் அறியாதவர் சொன்ன சொல், அதன் வேரோடு அப்படியே பொருந்துகிறது.

பொருளைப் பொரித்தலாகக் கொண்டால் மற்ற இடங்களிலும் தடுமாற்றம் வரும். 1880ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் மகப்பேறு மருத்துவர் ஸ்டெஃபான் டார்னியே, குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டு, குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரைச் செய்வித்தார். அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே பிறந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது கதகதப்பு. நோய்க்கிருமி உடலில் புகுந்தபின் அறிகுறி தோன்றும்வரையுள்ள ‘இன்குபேஷன்’ காலத்தையும் ‘நோயரும்பு காலம்’ என்கிறோமே தவிர, பொரிக்கும் காலம் என்பதில்லை.

எனவே, ‘அடைகாத்தல், அடைகிடத்தல்’ என்று திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் அந்தப் பக்கத்தை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டி, பக்கத்தில் திருத்தத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பல்லடம்.