செயலியில் வரும் தமிழ்ப் பிழைச் செய்திகள் குறித்துப் புகார்

அனுப்புநர்
ஊக்குநர், மகளிர் சுய உதவிக் குழு,
தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
குழுக் கணக்குச் செயலி நிறுவனம்.

பொருள்: ‘சேமிப்பு தோல்வி’ என்ற செய்தியும், இரண்டு முறை ஏறிய சந்தாவும்

ஐயா / அம்மா,

எங்கள் குழுவில் 14 பேர். ஆளுக்கு வாரம் 100 ரூபாய் சந்தா. நோட்டில் எழுதிவந்த கணக்கை நான்கு மாதமாக உங்கள் செயலியில் ஏற்றுகிறோம். தமிழில் இருக்கிறது என்பதற்காகவே அதை எடுத்தோம்.

போன செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் 1,400 ரூபாய் வரவை ஏற்றினேன். சிவப்பு எழுத்தில் ‘சேமிப்பு தோல்வி’ என்று வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா அதை உரக்கப் படித்துவிட்டார். “கட்டின காசெல்லாம் போச்சா?” என்று ஒரே கூச்சல். இரண்டு பேர் எழுந்து நேராக வங்கிக்கே போய், பாஸ்புக்கில் வரவு பார்த்த பிறகுதான் அடங்கியது. இத்தனை வருடம் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு வைத்த என்னை அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: சிக்னல் இல்லை, பதிவு ஏறவில்லை. ‘சேவ்’ என்பதற்கு ‘சேமி’ என்று போடுவது கணினியில் பழகிய வழக்கம்தான். கடிதம் அடிக்கும் மென்பொருளில் அதனால் தொல்லை இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-இல் முதலில் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில். இங்கே சேமிப்பு என்றால் பணம். உங்கள் திரையின் மேலேயே ‘மொத்தச் சேமிப்பு’ என்று தொகையும் இருக்கிறதே!

அந்தச் சிவப்புச் செய்திக்குக் கீழே ‘ரத்து’, ‘மறுமுயற்சி’ என்று இரண்டு பொத்தான்கள். ரத்து என்றால் சந்தாவே ரத்தாகிவிடுமோ என்று பயந்து மற்றதை இரண்டு தடவை அழுத்தினேன். இப்போது அந்த வாரத்துக்கு 2,800 ரூபாய் காட்டுகிறது.

மென்பொருள் வேலையில் இருக்கும் என் மகளிடம் காட்டினேன். மொழிபெயர்ப்பவரிடம் திரையைக் காட்டாமல் வெறும் சொற்பட்டியலைக் கொடுத்தால் இப்படித்தான் வரும் என்றாள். கெட்டெக்ஸ்ட் போன்ற மென்பொருள் மொழிபெயர்ப்புக் கருவிகளில், ஒரு வரி எங்கே வருகிறது என்று குறிப்பு எழுதவே இடம் உண்டாம். ‘செல்வி ஐ நீக்க முடியவில்லை’ என்று வருவதும் அந்த வகைதான். பெயருக்கு இடம் விட்டு, உருபைத் தனியே ஒட்டியிருக்கிறீர்கள். ‘உறுப்பினர்: செல்வி. இவரை நீக்க முடியவில்லை’ என்று எழுதினால் எந்தப் பெயர் வந்தாலும் பொருந்தும்.

அந்தச் சிவப்புச் செய்தியை இப்படி மாற்றுங்கள்: ‘இணையம் இல்லாததால் இந்த வரவு இன்னும் செயலியில் ஏறவில்லை. உங்கள் பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சிக்னல் வந்ததும் மறுபடி அனுப்புங்கள்.’ கூடவே பிழை எண்ணையும் போடுங்கள். உங்கள் உதவி எண்ணுக்குப் பேசும்போது அதைச் சொல்லலாம். வெளியிடும் முன் குழுப் பெண்கள் நாலு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமைக்குள் இரட்டைப் பதிவை நீக்க வேண்டும். தவறு செயலியுடையது, ஊக்குநருடையது அல்ல என்று தமிழில் ஒரு கடிதமும் அனுப்ப வேண்டும். அதைக் கூட்டத்தில் படித்துக் காட்டப்போகிறேன்.

இப்படிக்கு,
ஊக்குநர்