ரெடிஸை ஏன் நீக்கினேன்

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து வேளை இப்போதுதான் குறைந்திருக்கிறது. டிவியில் கீழே ஓடுகிற எழுத்தையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். உன் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, என்ன பாடம்?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நம் நூலக மென்பொருளில், தரவை நினைவகத்தில் வைத்து வேகமாக எடுத்துத் தருகிற ரெடிஸை நீக்கிவிட்டு, அதிலிருந்தே கிளைத்த வால்கீயை ஏன் வைத்தாய், யாராவது காசு கேட்டார்களா என்று எழுதியிருந்தாய். யாரும் கேட்கவில்லை. 2024 மார்ச்சில் ரெடிஸ் நிறுவனம், 7.4 பதிப்பிலிருந்து, ஏறக்குறைய எப்படியும் பயன்படுத்த விடுகிற பிஎஸ்டி லைசென்ஸ் கிடையாது என்று அறிவித்ததே, அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த இரண்டுமே ரெடிஸையே சேவையாக விற்கிற கிளவுட் கம்பெனிகளைக் குறிவைத்தவை. நம் நிரலோ ரெடிஸோடு நெட்வொர்க் வழியாகப் பேசுவதோடு சரி, அதற்குப் பயன்படுத்துகிற பைத்தான் லைப்ரரி இன்னும் அதே மாதிரி தாராளமான எம்ஐடி லைசென்ஸில்தான் இருக்கிறது. ஆக நம் நிரலுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. ஆனால் எந்தெந்த மென்பொருளை நிறுவ வேண்டும் என்று சொல்கிற நம் டாக்கர் கம்போஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன், பதிப்பு எண்ணே போடாமல் 'ரெடிஸ்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம் (எழுதியது நான்தான், திட்டாதே). அதாவது நம்மை நம்பி நிறுவுகிறவர் தலையில், அவருக்குத் தெரியாமலே புது லைசென்ஸை நாமே கட்டிவிடுகிறோம். ஒரு பள்ளிக்கூட நூலகர் உட்கார்ந்து அந்தப் புது லைசென்ஸ் இரண்டில் ஒன்றான எஸ்எஸ்பிஎல்லைப் படிக்க வேண்டுமா என்ன?

7.2-லேயே நிறுத்தி வைத்திருந்தாலும் தப்பில்லை. பிஎஸ்டியில் ஒருமுறை வெளியானது பிஎஸ்டிதான், நிபந்தனைகளை மதிக்கிறவரை யாரும் வந்து பிடுங்க முடியாது. அதை வைத்துத்தானே அறிவிப்பு வந்த எட்டே நாளில் லினக்ஸ் பவுண்டேஷன் 7.2.4-ஐ எடுத்து வால்கீ என்று தொடங்கியது. நின்றுபோன பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் என்றைக்கு நிற்கும் என்று காவல் காக்க எனக்குப் பொறுமையில்லை, அவ்வளவுதான். 2025 மே மாதம் ரெடிஸ் 8-இல் ஏஜிபிஎல் என்ற லைசென்ஸும் சேர்ந்தது, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், நல்லதுதான். ஆனாலும் திரும்பிப் போவதாக இல்லை.

அப்புறம், "பழைய பதிப்பில் இருந்தால் எப்போதும் தப்பிக்கலாம்" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் நீ தடுக்கி விழுகிறாய். 2021 மார்ச்சில் ரூபி மொழியில் நிரல் எழுதுகிற ஆட்கள் பட்ட பாடு நினைவிருக்கிறதா? மைம்மேஜிக் என்று ஒரு சின்ன ஜெம், அதாவது ரூபி லைப்ரரி. ரூபியில் வலைத்தளம் கட்டப் பயன்படுகிற ரெயில்ஸுக்கு அது நேரடிச் சொந்தம்கூட இல்லை. ரெயில்ஸுக்குள் இருக்கிற ஆக்டிவ் ஸ்டோரேஜ், மார்செல் என்ற ஜெம்மைக் கூப்பிடும், மார்செல் மைம்மேஜிக்கைக் கூப்பிடும், கல்யாண வீட்டுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மச்சான் வந்த மாதிரி. அதற்குள் கோப்பு வகைகளைப் பட்டியலிடும் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று இருந்தது, அது ஷேர்ட் மைம் இன்ஃபோ திட்டத்திலிருந்து வந்தது, லைசென்ஸ் ஜிபிஎல், அதாவது சேர்த்து வெளியிடுகிறவரும் அதே லைசென்ஸில்தான் வெளியிட வேண்டும். ஜெம் மேலே ஒட்டியிருந்த சீட்டிலோ எம்ஐடி. இதை ஒருவர் சுட்டிக்காட்டியதும் பராமரிப்பாளர் புதுப் பதிப்பை ஜிபிஎல்லில் வெளியிட்டார், பழைய பதிப்புகளை ஜெம்கள் கிடைக்கிற ரூபிஜெம்ஸ் தளத்திலிருந்தே நீக்கிவிட்டார். அவ்வளவுதான், புதிதாக ரெயில்ஸ் நிறுவப் போனவர்களுக்கெல்லாம் பாதியில் நின்றது. ஓரிரு நாளில் மார்செல் 1.0 வந்தது, அப்பாச்சி டிகா என்ற வேறு திட்டத்தின் தரவை வைத்துக்கொண்டு மைம்மேஜிக்கைக் கழற்றிவிட்டது, ரெயில்ஸும் மார்ச் 26 அன்று மூன்று கிளைகளுக்கும் சேர்த்துப் புதுப் பதிப்பு விட்டது.

ரெடிஸ் விஷயத்தில் மனம் மாறியது உரிமையாளருக்கு, நேற்றைக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். இங்கே கொடுத்தவருக்கே அந்தக் கோப்பை எம்ஐடியில் கொடுக்கிற உரிமை இருந்ததில்லை. பழைய பதிப்பைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தவன் கையிலும் அதே ஜிபிஎல் கோப்புதான். அதனால் லைசென்ஸ் மாறிவிட்டது என்று யாராவது கத்தினால், மாறியதா, இல்லை முதலிலிருந்தே தப்பாக எழுதியிருந்ததா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன். ரெயில்ஸ் ஆட்கள் யாரோடும் மல்லுக்கு நிற்காமல் அந்தத் தரவையே மாற்றினார்கள் பார், அதுதான் எனக்குப் பிடித்தது.

இந்த பயத்தில் போன ஞாயிற்றுக்கிழமை நம் மென்பொருள் நம்பியிருக்கிற லைப்ரரிகள் (டிபென்டென்சி) மொத்தத்தையும் லைசென்ஸ் பார்க்கிற கருவியில் ஓட்டினேன். நான்கு இடத்தில் 'தெரியவில்லை' என்று வந்தது. மூன்றை நானே தேடிச் சரிசெய்துவிட்டேன், நான்காவது நீ சேர்த்த அந்தத் தேதி மாற்றும் லைப்ரரி. அதில் லைசென்ஸ் கோப்பே இல்லை மாப்ளே, இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை, எழுதியவருக்கே எல்லா உரிமையும் என்று அர்த்தம். அவர் உன்னோடு வேலை பார்த்தவர்தானே? ஒரு போன் போட்டு எம்ஐடியோ எதுவோ, ஒரு கோப்பைப் போட்டுவிடச் சொல். முடியாது என்றால் சொல்லு, நாற்பது வரிதான், நானே புதிதாக எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்