பலிக்காததையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஜப்பான் பாபா வாங்கா சொன்னது பலித்தது’ என்று தங்கள் இணையப் பக்கத்தில் வந்த செய்தியைப் பற்றி எழுதுகிறேன். 2025 ஜூலையில் ரஷ்யாவின் கம்சட்கா அருகே நிலநடுக்கம் வந்தபோது போட்டது. இன்றைக்கும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எங்கள் ஊர் நாகப்பட்டினம். சுனாமி என்றால் இங்கே யாரும் சும்மா படித்துவிட்டுப் போவதில்லை.

அந்தக் கணிப்பில் இருந்ததுதான் என்ன? பல்கேரியாவில் எதிர்காலம் சொன்னதாகப் பேசப்படும் பாபா வாங்காவின் பெயரை ஒட்டி ‘ஜப்பான் பாபா வாங்கா’ என்று அழைக்கப்படும் ரியோ தத்சுகி என்ற சித்திரக்கதை ஓவியர், தான் கண்டதாகச் சொன்ன கனவு. 2025 ஜூலையில் ஜப்பானுக்குப் பேரழிவு வரும், அலை 2011-இல் அங்கே வந்த சுனாமியைவிட மூன்று மடங்கு இருக்கும் என்றது. ஜூலை 5 என்று தேதியும் பரவியது. ஜப்பான் வானிலை முகமையின் தலைவர் ஜூன் மாதமே இதைப் புரளி என்றார். தேதி, இடம், அளவு மூன்றையும் சொல்லி நிலநடுக்கத்தைக் கணிக்க இன்றைய அறிவியலால் முடியாது என்றும் விளக்கினார். ஆனாலும் ஹாங்காங்கிலிருந்து ஜப்பானுக்குப் போகும் விமானங்கள் சிலவற்றைக் குறைக்கும் அளவுக்குப் பயணிகள் பயந்தார்கள்.

ஜூலை 5 வந்தது, போனது. ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சட்கா அருகே 8.8 அளவில் நிலம் அதிர்ந்தது. ஜப்பானில் பதிவான அலை ஒன்றரை மீட்டரைக்கூடத் தொடவில்லை. 2011-இல் சில இடங்களில் தண்ணீர் கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம் வரை ஏறியிருந்தது. ஆக, தேதி தப்பு, இடம் தப்பு, அளவும் தப்பு. இதற்குத்தான் ‘பலித்தது’ என்று தலைப்பு. முகமைத் தலைவர் சொன்னதை அந்தச் செய்தியில் தேடினேன். கடைசிப் பத்தியில், அதுவும் ‘எனினும் சில நிபுணர்கள் இதை ஏற்கவில்லை’ என்ற ஒரே வரியாக இருந்தது. எந்த நிபுணரும் ஏற்கவில்லை என்பதுதானே உண்மை?

2023-இலும் இதே கதைதான். துருக்கி, சிரியா நிலநடுக்கத்துக்கு மூன்று நாள் முன்பு, பிப்ரவரி 3 அன்று, நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஹூகர்பீட்ஸ் ட்விட்டரில் எழுதியதை எல்லோரும் தூக்கிப் பிடித்தார்கள். அவர் எழுதியது, தென்மத்திய துருக்கி, ஜோர்டான், சிரியா, லெபனான் பகுதியில் ‘இன்றோ என்றோ’ 7.5 அளவில் ஒன்று வரும் என்பது. நான்கு நாடுகள், தேதியே கிடையாது. அந்தப் பகுதியின் புவியியல் தெரிந்த எவரும் இதைச் சொல்லலாம். கோள்களின் வரிசையை வைத்துக் கணிப்பதாக அவர் சொல்கிறார். வெள்ளிக் கோளால் பூமியில் ஏற்படும் ஓத விசை (கடலை ஏறி இறங்கச் செய்யும் ஈர்ப்பு விசை), சந்திரனுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமோ, தாங்களோ வேறு எந்த அறிவியலாளரோ ஒரு பெரிய நிலநடுக்கத்தையும் இதுவரை கணித்ததில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நம் ஊடகங்களோ அடுத்தது இந்தியாவா என்று அவரிடமே கேட்கப் போய்விட்டன.

எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் வேறொன்று. துருக்கியின் புவியியலாளர் நாஜி கோரூர், 2020-இல் அந்நாட்டின் எலாஸிக்கில் நிலம் அதிர்ந்த பிறகு, அடுத்த ஆபத்து கஹ்ரமன்மராஷ் பக்கம் என்று எச்சரித்துவந்தார். 2023-இல் அதிர்ந்தது அந்தப் பக்கம்தான். தேதி எதுவும் சொல்லவில்லை. நிலப்பிளவில் எங்கே இறுக்கம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னார். விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்கு 2018-இல் அந்த நாட்டு அரசு பொது மன்னிப்பு கொடுத்திருந்தது. செய்தி என்றால் அதுதான் செய்தி. தமிழில் நான் பார்த்தவரை அதற்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான்.

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் பிடித்ததில்லை. 1990-இல் அமெரிக்காவில், விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்ற ஐபென் பிரௌனிங் என்பவர், டிசம்பர் 3-ஐ ஒட்டி மிசௌரி மாநிலத்தின் நியூ மாட்ரிட் பகுதியில் பெரிய நிலநடுக்கம் வர ஐம்பது சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றார். முந்தைய ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைச் சரியாகச் சொன்னவர் என்று பத்திரிகைகள் அவரை அறிமுகப்படுத்தின. அறிவியலாளர் குழு ஒன்று, அவர் அப்போது பேசிய பேச்சின் பதிவையே எடுத்துப் பார்த்தது. உலகில் எங்காவது சில நிலநடுக்கங்கள், ஓரிரு எரிமலைகள் என்ற அளவில்தான் பேசியிருந்தார். சான்பிரான்சிஸ்கோ என்று குறிப்பிடவே இல்லை. அறிக்கை வந்தது அக்டோபரில். அதற்குள் பீதி வீடு வீடாகப் போய்விட்டது. டிசம்பர் 3 அன்று பள்ளிகளை மூடினார்கள். நியூ மாட்ரிட் என்ற அந்தச் சின்ன ஊரில் தொலைக்காட்சி வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஒன்றும் நடக்கவில்லை.

உலகில் ஆண்டுக்குச் சராசரியாக 6 அளவுக்கு மேல் நூற்றுக்கும் அதிகமான நிலநடுக்கங்கள், 7 அளவுக்கு மேல் சுமார் பதினைந்து வருகின்றன. ‘இந்த வாரம் எங்கோ ஒன்று வரும்’ என்று நான் சொன்னாலும் பெரும்பாலும் பலிக்கும். எனக்கும் ஒரு பேட்டி கிடைக்குமா? நிலநடுக்க அளவுக்கே பெயர் தந்த சார்லஸ் ரிக்டர் 1977-இல், கணிப்பு என்று காதில் விழுந்தால் பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் நிறைந்த தொட்டியை நோக்கிப் பன்றிகள் பாய்வதுபோல் பாய்கிறார்கள் என்றார். கடுமையான பேச்சுதான். ஆனால் உங்களோடு எங்களையும் சேர்த்தே சொன்னார்.

கணிப்புச் செய்தியே போடாதீர்கள் என்று கேட்கவில்லை. போடுமுன் டெல்லியில் உள்ள தேசிய நில அதிர்வு மையத்தையோ, ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தையோ ஒரு முறை கேளுங்கள். அவர்கள் சொல்வதை முதல் பத்தியில் வையுங்கள். கணித்தவர் இதற்கு முன் சொன்னவற்றில் எத்தனை தவறிப்போயின என்று அவரையே கேளுங்கள். குறித்த தேதி சும்மா கடந்துபோனால், மறுநாள் அதையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். ஜூலை 6 அன்று தங்கள் நாளிதழில் அப்படி ஒரு வரியும் இல்லை.

அப்புறம், அந்த ‘பலித்தது’ செய்தி தங்கள் இணையப் பக்கத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. தலைப்பையாவது மாற்றுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நாகப்பட்டினம்