வம்சாவளிப் பக்கங்களைப் புதுப்பிப்பது பற்றி நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும், உங்கள் குடும்ப மரம் இருக்கும் இணைய முகவரியும் கிடைத்தன. அந்த வம்சாவளிப் பக்கங்களை எப்படிப் புதுப்பிக்கலாம் என்று கேட்டிருந்தாய். அக்காவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கே அனைவரும் நலம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய மென்பொருள் உருவாக்கித் தந்த அந்தப் பக்கங்களை முதலில் கணினியிலும் பிறகு கைப்பேசியிலும் பார்த்தேன். கணினியில் குறையொன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கைப்பேசியிலோ எழுத்துகள் எறும்பு வரிசையைப் போல் நின்றன. திரையின் அகலத்துக்கு ஏற்ப விரியும்படி அறிவிக்கும் குறிப்பு ஒரு பக்கத்திலும் இல்லாததே இதற்குக் காரணம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கைப்பேசி உலாவி, பக்கம் 980 பிக்சல் அகலமுள்ளது என்று தானாகவே எண்ணிக்கொண்டு, முழுவதையும் சுருக்கிக் காட்டிவிடும். இடப்பக்கம் பெயர்ப் பட்டியலும் வலப்பக்கம் விவரமுமாகத் திரையைப் பிரிக்கும் சட்டக முறையும் இப்போது வழக்கொழிந்துவிட்டது. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லுக்கு 2014இல் வெளியான 5ஆம் தரம் அதைக் கைவிட்டுவிட்டது.

எல்லாவற்றையும் ஒரு வழங்கியில், அதாவது இணையத்தில் எப்போதும் இயங்கும் கணினியில், ஓடும் மென்பொருளுக்கு மாற்றிவிடலாம் என்று உன் மகன் சொல்வதாக எழுதியிருந்தாய். வெப்ட்ரீஸ் போன்றவை நல்ல மென்பொருள்கள்தாம். உறவினர்கள் பலர் ஆளுக்கொரு ஊரிலிருந்து தகவல் சேர்ப்பதானால் நானும் அதையே சொல்வேன். ஆனால் உங்கள் வீட்டில் தகவல் சேர்ப்பவன் நீ ஒருவன்தான், மற்றவர்கள் படிப்பவர்கள். அப்படிப்பட்ட குடும்பத்துக்குப் பிஎச்பி நிரல்மொழி, தரவுத்தளம், பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று ஓயாமல் கவனிக்க வேண்டிய ஒன்றை வைத்துக்கொள்வது வீண் சுமை. நமக்குப் பிறகு அதை யார் கவனிப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார். மென்பொருள்கள் நம்மை முந்திக்கொண்டும் போய்விடுகின்றன: ஒருகாலத்தில் உலகெங்கும் புழங்கிய வம்சாவளி மென்பொருள்களான பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் 2013இலும், தி மாஸ்டர் ஜீனியாலஜிஸ்ட் 2014இலும் நிறுத்தப்பட்டன. அவை உருவாக்கிய எளிய ஹெச்டிஎம்எல் பக்கங்கள் மட்டும் இன்றைய உலாவியிலும் திறக்கின்றன. ஆகவே நிலையான பக்கங்களையே வைத்துக்கொள், அவற்றை வார்த்தெடுக்கும் அச்சை, அதாவது பக்கங்களை உருவாக்கித் தரும் மென்பொருளின் அமைப்பை, மட்டும் மாற்று என்பதே என் கருத்து.

அச்சு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உருவான பக்கங்களைத் திறந்து கையால் திருத்துவது பயனற்ற வேலை. அடுத்த முறை ஒரு குழந்தையின் பெயரைச் சேர்த்துப் பக்கங்களை மீண்டும் உருவாக்கியவுடன் திருத்தங்கள் அனைத்தும் அழிந்துவிடும். நீ கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருளுக்கு மாறுவதாக இருந்தால், அது 2001 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள் என்பதால் உள்ளே கைவைக்கும் உரிமையும் உனக்கு உண்டு. நிறம், எழுத்தளவு, இடைவெளி போன்ற தோற்றத்தை மட்டும் மாற்ற வேண்டுமானால் பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றைச் சொந்தமாக எழுதினால் போதும். பக்கத்தின் அமைப்பே மாற வேண்டுமானால் குடும்ப விவரங்களை வலைப்பக்கங்களாக எழுதித் தரும் அதன் பைத்தான் நிரலை நகலெடுத்துத் திருத்த வேண்டும். உன் மகனுக்கு அது கடினமாக இராது.

இதில் நீ முன்கூட்டியே கவனிக்க வேண்டியது பக்கங்களின் முகவரி. கிராம்ப்ஸ் ஒவ்வொருவருக்கும் உள்ளே ஓர் அடையாளக் குறியை வழங்கி, அதையே அவருடைய பக்கத்தின் கோப்புப் பெயராக்குகிறது. அதே தரவுத்தளத்தில் தொடரும்வரை அந்தப் பெயர் மாறாது. ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய மென்பொருளிலிருந்து, வம்சாவளித் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் கெட்காம் கோப்பாக எடுத்து வந்து புதிதாக இறக்கினால், எல்லோருக்கும் புதிய குறிகள் வந்துவிடும். உறவினர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்த சுட்டிகள் யாவும் உடைந்துபோகும். எனவே ஒருமுறை மட்டும் இறக்கிவிட்டு, அதன் பிறகு கிராம்ப்ஸையே மூலமாகக் கொள். காப்புப் பிரதியை அதன் சொந்த எக்ஸ்எம்எல் வடிவில் எடு.

கெட்காம் என்றதும் பெயர்ச் சிக்கலைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1984இல் மார்மன் திருச்சபையினர் தங்கள் வம்சாவளி ஆய்வுக்காக வகுத்த அந்த வடிவம், ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு குடும்பப்பெயரை எதிர்பார்க்கிறது. அதைச் சாய்கோடுகளுக்கு நடுவே எழுத வேண்டும். பக்கம் உருவாக்கும் மென்பொருள்களும் அதே வழியில் குடும்பப்பெயர் அகராதி ஒன்றை முதன்மை வாயிலாக வைக்கின்றன. நம் வீடுகளில் தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. அந்த இடத்தைக் காலியாக விட்டால் குடும்பம் முழுவதும் பெயரற்றோர் என்ற ஒரே தலைப்பின் கீழ் குவிகிறது. தந்தை பெயரை இட்டால் தலைமுறைக்குத் தலைமுறை குடும்பம் சிதறிப்போகிறது. உன் தளத்தில் நடந்திருப்பது இந்த இரண்டாவது. அந்த அகராதியை நீக்கிவிட்டு, சொந்த ஊர் வாரியாக ஒரு வாயிலும், நேரடியாக அகர வரிசையில் ஒரு வாயிலும் வைப்பது நல்லது. நம் கிழவிகள் ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது ஊரைத்தானே.

அகர வரிசையிலும் ஒரு வேலை இருக்கிறது. கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் யுனிகோடின் வரிசைப்படி அடுக்கினால் சகுந்தலா முன்னும் சக்தி பின்னும் வருவார்கள். ஜானகி சரோஜாவுக்குப் பிறகு உடனே வந்து நிற்பாள். நம் அகராதி மரபில் புள்ளியெழுத்து முந்தும், ஜகரம் கடைசியில் வரும். தமிழ் வரிசையை அறிந்த ஐசியு என்ற நிரல் தொகுப்பு இதைச் சரியாகச் செய்கிறது. இயங்குதளத்தில் அது நிறுவப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். மொழி தமிழ் என்று பக்கத்தின் தலையில் அறிவித்து, வரியிடைவெளியைச் சற்றுக் கூட்டினால் மேல்விலங்கும் கீழ்க்கொம்பும் ஒன்றோடொன்று மோதாது.

மர வரைபடத்துக்கு நான் அதிக நேரம் செலவழிப்பேன். மேலைநாட்டார் வரைந்த மரம் மேலே போகப் போக விரியும். நம்முடையது அத்தை மகள், மாமன் மகன் திருமணங்களால் தன்னுடனேயே மீண்டும் பின்னிக்கொள்ளும். உன் கொள்ளுத்தாத்தா ஒருவர் தாய்வழியிலும் தந்தைவழியிலும் இரண்டு கட்டங்களில் வருகிறார்; அவருக்கு மேலுள்ள முன்னோர் வரிசையும் அப்படியே இரண்டு முறை அச்சாகியிருக்கிறது. இரண்டாம் முறை வரும்போது முதல் கட்டத்துக்கு ஒரு சுட்டி கொடுத்து அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் எஸ்விஜி வடிவில் வரைந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து மங்காது, பெயரைத் தொட்டவுடன் அவர் பக்கமும் திறக்கும். கைப்பேசிக்கு முழு மரமும் வேண்டாம். பெற்றோர், துணை, பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை போதும். கல்யாண வீடுகளில் தாளில்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் தாளில் அச்சிடுவதற்கென்று தனித் தோற்ற விதிகளும் எழுதச் சொல்.

உயிரோடிருப்பவர்களின் பிறந்த நாளை நீ அப்படியே வெளியிட்டிருக்கிறாய். பிறந்த தேதியும் தாயின் பெயரும் வங்கிகள் நம்மை உறுதிசெய்யக் கேட்கும் கேள்விகள், உடனே எடுத்துவிடு. வாழ்பவர்களை முழுவதும் விலக்கவோ பெயரை மட்டும் காட்டவோ கிராம்ப்ஸில் தெரிவு உண்டு. இறப்புத் தேதி பதியாதவர்களை அது 110 வயது வரை உயிரோடிருக்கக்கூடியவர்களாகவே கருதும். ஆகவே உன் தாத்தாவின் தம்பிகள் சிலர் திடீரென்று பக்கத்திலிருந்து மறைந்தால் பதறாமல், அவர்கள் இறந்த ஆண்டை விசாரித்துப் பதிவு செய்.

முழுத் தளத்தையும் மாற்றுவதற்கு முன், ஒருவருடைய பக்கத்தை மட்டும் புதிய அமைப்பில் செய்து அக்காவின் கைப்பேசியில் திறந்து கொடு. எதுவும் விளக்கிச் சொல்லாமல், உங்கள் பாட்டியின் பிறந்த வீட்டுக்காரர்களைத் தேடச் சொல்லிவிட்டு, அவர் முதலில் எதைத் தொடுகிறார், எங்கே தயங்குகிறார் என்று பார்த்து எனக்கு எழுது. அதைப் பார்த்த பிறகு மற்றவற்றை முடிவு செய்யலாம்.

அன்புடன்,
உன் நண்பன்