பழைய லைன் இன்னும் ஒரு மாசம் ஓடட்டும்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள பிரபுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். "புது நெட் வந்தாச்சே, பழசை இன்னைக்கே கேன்சல் பண்ணிடும்மா" என்று போனில் அவசரப்பட்டாய். பண்ணப் போவதில்லை. காரணத்தைப் போனில் கேட்கிற பொறுமை உனக்கு இல்லை, அதனால் எழுதுகிறேன்.

செல்போன் கம்பெனி மாற்றிய பழக்கத்தில் நீ பேசுகிறாய். அதில் 2011 முதல் நாடு முழுக்க நம்பரோடு கம்பெனி மாறலாம். பழையது நின்றால்தான் புதியது உயிர் பெறும். வீட்டு பிராட்பேண்டில் அந்த ஏற்பாடே கிடையாது. புதிதாக வருகிறவர்கள் தங்கள் ஒயரை இழுத்து, தங்கள் பெட்டியை வைக்க வேண்டும். நமக்கு அதுவும் வசதிதான். இரண்டும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ஒரு மாச வாடகை கூடுதலாகப் போகும், போகட்டும்.

வேலை செய்ய வந்த பையனிடம் நான் வேகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒயர் எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்டேன். பழைய லைன் கேபிள் டிவி ஒயரோடு தொங்கிக்கொண்டு வருவதால், உயரமாக லோடு ஏற்றிய லாரி தெருவுக்குள் வந்தால் ஒயர் அறுந்து, நம் வீட்டுப் பெட்டியில் சிவப்பு லைட்தான், நெட் போச்சு. புதியதும் அதே கம்பத்திலிருந்து வந்தால் பில்லில் பெயர் மட்டும்தானே மாறும்? இது பின்தெரு வழியாக வருகிறது என்றான். சரி என்றேன்.

அவன் ஜாயின்ட் போட்டதை அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மேல் உறையை உரித்தால் உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. ஸ்பிரிட்டால் துடைத்து, முனையைச் சீராக வெட்டி, இரண்டு முனைகளையும் ஒரு சின்ன மெஷினுக்குள் எதிரெதிராக வைத்து மூடினான். உள்ளே ஒரு பொறி, அவ்வளவுதான், ஒட்டிவிட்டது. வெட்டி விழுந்த துணுக்குகளை டேப்பில் ஒட்டியெடுத்துக்கொண்டு போனான். காலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாதாம். நல்ல பிள்ளை.

கரண்ட் போனால் ஃபைபர் பெட்டி செத்துவிடும். அதனால் இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக்கில்தான் மாட்ட வைத்தேன். வைஃபைக்கு இப்போதைக்கு வேறு பெயர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் எது எதில் ஓடுகிறது என்றே தெரியாது. பழையதை நிறுத்தும் அன்று அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புதியதற்கு வைத்துவிட்டால் போதும், டிவியும் அப்பா டேப்லெட்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும். வாசல் கேமராவுக்கு வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான் ஒத்துவரும், புதுப் பெட்டியில் அந்த அலைவரிசையை மட்டும் அணைக்கக் கூடாது.

பகலில் எந்த லைனும் பறக்கும். ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை தெருவே படம் பார்க்கிற நேரத்தில் எப்படி என்று பார்க்க வேண்டும். ஒரு நல்ல மழையும் பெய்ய வேண்டும். நோட்டீஸில் 499 என்று போட்டிருந்தார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 589. அதைக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

இனி உன் வேலை. பழைய கனெக்‌ஷன் உன் பெயரில், உன் இந்திய நம்பரில் இருக்கிறது. நிறுத்தச் சொன்னால் ஓடிபி அதற்குத்தான் வரும். ரீசார்ஜ் தீரவிடாதே. அங்கே சிங்கப்பூரில் அதற்கு எஸ்எம்எஸ் வருகிறதா என்று இப்போதே பார். நான் சொல்லும்போது மெயில் போட்டு, புகார் எண்ணைக் கேட்டு வாங்கு. பெட்டியைத் திருப்பிக் கொடுத்து நான் ரசீது வாங்கிவிடுகிறேன். இல்லையென்றால் டெபாசிட்டுக்கு அலையவிடுவார்கள், பில்லும் வந்துகொண்டே இருக்கும். பழைய லைனோடு சேர்ந்து வருகிற 0416 லேண்ட்லைன் நம்பரும் போய்விடும். அப்பா அதை ஊரெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் செல் நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவருக்கும் பொழுது போகிறது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழரைக்குப் புது லைனில் வீடியோ கால் பண்ணுகிறேன். சிங்கப்பூரில் மணி பத்து ஆகியிருக்கும், தெரியும். அன்றைக்கு ஒருநாள் பேரனைச் சீக்கிரம் தூங்க வைக்காதே.

அன்புடன்,
அம்மா