எங்கள் டேபிளை யார் லாக் செய்தார்கள் (பூட்டினார்கள்) என்று எங்களாலேயே பார்க்க முடியவில்லை: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: லாக் விவரங்கள் மறைக்கப்படுவது, சப்போர்ட்டின் தவறான பதில்

ஐயா / அம்மா,

உங்களிடம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வாடகைக்கு எடுத்து எங்கள் ஆர்டர் தளத்தை நடத்தி வருகிறோம். போன வாரம் ஆர்டர் டேபிளில் புது ஃபீல்டு ஒன்று சேர்க்க, டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை கொடுத்தோம். அது நகரவே இல்லை. பின்னால் வந்த செலக்ட்டுகளும் (டேபிளைப் படிக்கும் குவெரிகள்) வரிசைகட்டி நிற்க, தளமே முடங்கியது.

உங்கள் டாஷ்போர்டிலோ எல்லாம் பச்சை. லாக்குக்காகக் காத்திருக்கும் குவெரி சிபியுவைத் தொடுவதில்லை, வேறு எப்படி இருக்கும்? சப்போர்ட்டைக் கேட்டால், பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார்கள். என்ன ஏது என்று பார்க்காமல் சொன்ன இந்தப் பதில்தான் எங்களுக்கு மிகவும் வருத்தம்.

யார் மறிக்கிறார்கள் என்று காட்டும் பிஜி_பிளாக்கிங்_பிட்ஸை நாங்களே ஓட்டிப் பார்த்தோம். ஆல்டரை மறித்து நின்றது ஒரே ஒரு செஷன் (டேட்டாபேஸ் இணைப்பு). லாக்குகளைப் பட்டியலிடும் பிஜி_லாக்ஸில் அந்தச் செஷனுக்கு எங்கள் டேபிள் மேல் அக்சஸ் ஷேர் லாக் (படிப்பதற்கான லாக்), கிராண்டட் ட்ரூ, அதாவது கிடைத்துவிட்டது. வேறு யாரையும் டேபிளைத் தொடவிடாத அக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் லாக்கை எங்கள் ஆல்டர் கேட்டது, அதற்கு கிராண்டட் ஃபால்ஸ். சரி, அது யாருடையது? செஷன்களின் விவரம் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் இருந்தது உங்கள் பேக்கப் யூசரின் பெயர்! குவெரி இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்சஃபிஷியன்ட் பிரிவிலேஜ்’ (பார்க்க உரிமை போதாது). எப்போது தொடங்கியது என்ற இடம் காலி. அதை நிறுத்தவும் எங்களுக்கு அனுமதி இல்லை. கடைசியில் எங்கள் ஆல்டரையே கேன்சல் செய்தோம், தளம் உடனே எழுந்துவிட்டது.

பேக்கப் எடுக்கும் பிஜி_டம்ப் கருவி, தான் எடுத்த லாக்கை வேலை முடியும்வரை விடாது என்பது எங்களுக்கும் தெரியும். பேக்கப் எடுப்பதைக் குறை சொல்லவில்லை. பட்டப்பகலில், சொல்லாமல் எடுத்துவிட்டு, பழியை எங்கள் பிளான் மேல் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

மற்ற செஷன்களின் விவரத்தையும் பார்க்கவிடும் பிஜி_மானிட்டர் ரோலை எங்கள் யூசருக்குக் கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் 10-லிருந்தே இருக்கிறது, இதற்காக சூப்பர்யூசர் உரிமை தர வேண்டியதில்லை. லாக்குக்காக நீண்ட நேரம் காத்திருப்பதைக் குறித்துவைக்கும் லாக்_லாக்_வெயிட்ஸ் அமைப்பை ஆன் செய்து, அந்தப் பதிவை எங்களுக்கும் காட்டுங்கள். டாஷ்போர்டில் யார் யாரை மறிக்கிறார்கள் என்று ஒரு பக்கம் வேண்டும். பேக்கப் நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், முடிந்தால் ரெப்ளிகாவிலிருந்து (டேட்டாபேஸின் நகல் சர்வர்) எடுங்கள். அப்புறம், பெரிய பிளான் பரிந்துரையை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும்.

அடுத்த ஃபீல்டு மாற்றத்தை இதற்காகவே நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்த வாரத்துக்குள் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்